பிள்ளை மடுவத்துக்கு முதலில் காசு

இரத்தினபுரி, கேகாலை இறப்பர்த் தோட்டப் பக்கம் ஒரு திருட்டோ வெட்டுக்குத்தோ நடந்தால், ‘லயத்துப் பயல்கள்’ என்ற பேச்சுத்தான் முதலில் எழுகிறது, குற்றம் இரத்தத்தில் ஊறியது போல. நியூசிலாந்தின் டனீடின் ஆய்வு 2002இல் சொன்னதோ வேறு: முரட்டுத்தனத்தோடு தொடர்புபடுத்தப்பட்ட மரபணு வடிவம் தனியே யாரையும் குற்றவாளியாக்கவில்லை; சிறுவயதில் கொடுமைப்பட்ட ஆண்களிடமே அது வன்முறையாக வெளிப்பட்டது. 2004இல் மொன்றியல் ஆய்வுகூடமொன்றில் கண்டறியப்பட்டது என்னை இன்னும் உலுக்குகிறது. தாய் எலி நக்கிக் கொடுத்து வளர்க்காத குட்டிக்கு, பதற்றத்தைத் தணிக்க உதவும் மரபணு மெத்தில் எனும் வேதிக் குறிகள் ஏறி அடங்கிவிடுகிறது; அன்பான வளர்ப்புத்தாயிடம் விட்டால் அப்படி ஆவதில்லை. விடியலில் இறப்பர் பால்வெட்டப் போகும் தாய், கைக்குழந்தையை ஒப்படைக்கும் பிள்ளை மடுவத்தில் அந்த வளர்ப்புத்தாய் யார்? ஆயம்மாதான். புதிய பொலிஸ் காவலரணுக்குச் செலவழிக்கும் முன், அவருக்குப் பயிற்சியும் தகுந்த சம்பளமும் கொடுங்கள்.