கற்பனை ஏலமும் கைப்பணமும்



நம் புதுக்கோட்டை மாவட்டத்துக் கடற்கரை ஊர் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி மடல் எழுதியுள்ளார். கணவர் வளைகுடாவில் இருக்கிறார். கல்லூரியில் படிக்கும் மகனின் நோட்டுப் புத்தகத்தை ஒருநாள் தற்செயலாகப் பிரித்தவருக்கு நெஞ்சு பதறிவிட்டது. பும்ரா, 18 கோடி, மூன்றாண்டு. இன்னொருவர், 11 கோடி, ஓராண்டு. மற்றொருவர் விடுவிக்கப்பட்டார் என்று பக்கம் பக்கமாகக் கணக்கு. பிள்ளை ஏதோ கடனில் சிக்கிக்கொண்டான் என்றே தாய்மனம் எண்ணியது. விசாரித்த பிறகுதான் அது விளையாட்டு என்று தெரிந்தது. பத்து நண்பர்கள் கூடி, மொட்டைமாடியில் ஏலம் நடத்தி, கிரிக்கெட் வீரர்களைக் கற்பனையாக 'எடுத்து', ஆளுக்கோர் அணி அமைத்திருக்கிறார்கள். மெய்யான ஆட்டத்தில் அந்த வீரர் எடுக்கும் ஓட்டமும் விக்கெட்டும் இவர்களுடைய அணிக்குப் புள்ளிகளாகும். ஆளுக்கு 500 ரூபாய் போட்டு, முதலாமவருக்கு 3,500, இரண்டாமவருக்கு 1,500 என்று நிர்ணயம். 2025 ஆம் ஆண்டின் ஐ.பி.எல். தொடர் ஜூன் 3 இல் முடிந்தபோது மகன் முதலிடம் பெற்று, 3,500 ரூபாயைத் தாயின் கையில் கொடுத்தான். ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்கிய நேரம். இளைய பிள்ளைக்குத் துணி எடுத்தாகிவிட்டது. "இது அறிவுப் போட்டிதானே, சூதாட்டம் அல்லவே" என்கிறான் மகன். அடுத்த தொடருக்கும் பணம் கேட்கிறான். இது கூடுமா, வந்த பணத்தை என்ன செய்வது என்பதே சகோதரியின் வினா.

இதற்கு ஒரே சொல்லில் விடை தந்துவிடலாம். ஆனால் அந்தப் பிள்ளையின் வாதம் அலட்சியமாகத் தள்ளத்தக்கதன்று. நாட்டின் நீதிமன்றங்களே நெடுங்காலம் அதைத்தான் சொல்லி வந்தன.

முதலில் மெய்யான ஏலத்தைப் பார்ப்போம். 2024 நவம்பர் 24, 25 ஆகிய நாட்களில் ஐ.பி.எல். ஏலம் நடந்த இடம் நம்மில் பலருக்கு நன்கு தெரிந்த ஜித்தா நகரம். அங்கே ரிஷப் பந்தை லக்னோ அணி 27 கோடி ரூபாய்க்கு எடுத்தது. அப்போது ஒவ்வோர் அணியின் கைவசமும் வீரர்களுக்கென மொத்தம் 120 கோடி இருந்தது. அதற்குள் 18 முதல் 25 பேர் வரை சேர்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. 'வாங்கினார்கள்', 'விலைபோனார்' என்று செய்தித்தாள்கள் எழுதுகின்றன. இந்தச் சொற்கள் எனக்கு உவப்பானவை அல்ல. சுதந்திரமான மனிதனை விற்று அந்தக் கிரயத்தை உண்பவனுக்கு எதிராக மறுமையில் அல்லாஹ்வே வழக்காடுவான் என்ற கருத்தில் புகாரியில் ஹதீஸ் உண்டு. நல்லவேளையாக, ஜித்தாவில் எவரும் விற்கப்படவில்லை. நடந்தது ஃபிக்ஹு நூல்கள் 'இஜாரா' என்று கூறும் கூலி ஒப்பந்தம். காலம் தெரிய வேண்டும். கூலி தெரிய வேண்டும். இரு தரப்பும் இசைய வேண்டும்.

இதிலும் இரு வகை உண்டு. பலருக்கும் வேலை செய்யும் தையற்காரர், சலவைத் தொழிலாளர் போன்றோர் 'அஜீர் முஷ்தரக்'. வேலையை முடித்தால்தான் இவர்களுக்குக் கூலி. குறிப்பிட்ட காலத்துக்கு ஒருவருக்கே தம்மை ஒப்படைப்பவர் 'அஜீர் காஸ்'. இவர் வேலைக்கு ஆயத்தமாக வந்து நின்றாலே கூலிக்கு உரியவராகிறார். முதலாளி வேலை கொடுக்காதது இவர் குற்றமன்று. சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியைச் சேர்ந்த நடராஜனை 2017 இல் பஞ்சாப் அணி 3 கோடிக்கு எடுத்தது. எளிய குடும்பத்துப் பிள்ளை என்பதால் தமிழகமே மகிழ்ந்தது. ஜித்தா ஏலத்தில் அவரை டெல்லி அணி 10.75 கோடிக்கு எடுத்தது. ஆனால் 2025 தொடரின் பெரும்பாலான ஆட்டங்களில் அவரைக் களமிறக்கவில்லை. "ஆடாதவனுக்கு எதற்கு இத்தனை கோடி?" என்று டீக்கடையில் கேட்டவர்கள் உண்டு. ஆயத்தமாக இருந்தவருக்குக் கூலி உண்டு என்பதே நம் இமாம்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன் கண்ட முடிவு. மெய்யான ஒப்பந்தத்தில் உழைப்பு இருக்கிறது, கூலி இருக்கிறது, பொறுப்பு இருக்கிறது.

மொட்டைமாடி ஏலத்தில் இவை எதுவுமில்லை. பும்ரா ஒப்பமிடவில்லை, அவருக்கு இச்செய்தியே தெரியாது. மூன்றாண்டு ஒப்பந்தம் என்பது நண்பர்கள் தமக்குள் வகுத்துக்கொண்ட விளையாட்டு விதி. இது பொய்யுமன்று, குற்றமுமன்று. குழந்தைகள் கூட்டாஞ்சோறு ஆக்குவது போல ஒரு பாவனை. இந்தப் பாவனைக்கு வயது அரை நூற்றாண்டை நெருங்குகிறது. 1980 இல் நியூயார்க்கில் டேனியல் ஓக்ரென்ட் என்ற எழுத்தாளர் தம் நண்பர்களைக் கூட்டி, பேஸ்பால் வீரர்களை வைத்து இத்தகைய ஏலத்தைத் தொடங்கினார். ஆஸ்திரேலியாவில் அந்நாட்டுக் கால்பந்தை வைத்தும் இதை ஆடுகிறார்கள். சம்பள உச்சவரம்பு, பல்லாண்டு ஒப்பந்தம், வீரர் பரிமாற்றம் என்று மெய்யான சங்கங்களின் நிர்வாகம் முழுவதையும் நகலெடுத்து நடத்தும் குழுக்களும் உண்டு. உண்மையைச் சொன்னால், கணக்கும் நிதானமும் பழகுவதற்கு இது மோசமான பயிற்சி அல்ல.

இடர் வந்தது கைப்பணத்தால். நம் நாட்டில் 2008 இல் தொடங்கப்பட்ட ட்ரீம் 11 நிறுவனம் இதைக் கைப்பேசிக்குள் கொண்டுவந்தது. பதினொருவரைத் தேர்ந்தெடு, தலைவனாகக் குறித்தவனுக்குப் புள்ளிகள் இரு மடங்கு, துணைத் தலைவனுக்கு ஒன்றரை மடங்கு, நுழைவுக் கட்டணம் செலுத்து, வென்றால் பரிசு. ஒரு தொடர் முழுக்க நீண்ட விளையாட்டு ஒரே மாலைப் பொழுதுக்குள் சுருங்கியது. சூதாட்டம் என்று வழக்குப் போனபோது, வீரர்களின் தகுதியை எடைபோடும் திறமையே இதில் மேலோங்கியது என்று 2017 இல் பஞ்சாப்-ஹரியானா உயர்நீதிமன்றம் கூறியது. இதற்கு முன்மாதிரிகள் உண்டு. 1968 இல் ரம்மியைப் பற்றியும், 1996 இல் சென்னை குதிரைப் பந்தய வழக்கிலும் உச்சநீதிமன்றம் அவ்வாறே சொல்லியிருந்தது. தமிழக அரசு 2022 இல் இணையவழிச் சூதாட்டத் தடைச் சட்டம் இயற்றியபோதும், ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டுகள் என்று சென்னை உயர்நீதிமன்றம் 2023 நவம்பரில் அவற்றை அச்சட்டத்தின் தடைப் பட்டியலிலிருந்து நீக்கியது. ஆக, சட்டம் கேட்ட கேள்வி ஒன்றுதான்: வெல்வது திறமையாலா, அதிர்ஷ்டத்தாலா?

ஷரீஅத்தின் கேள்வி வேறு. வெல்பவனுக்குச் சேரும் பொருள் யாருடையது? ஆடுவோர் அனைவரும் பொருள் வைத்து, தோற்றவன் வைத்தது வென்றவனுக்குப் போகுமானால் அது 'கிமார்'. அவன் மேதையா, மூடனா என்ற ஆராய்ச்சி இங்கே எழவில்லை.

அல்மாயிதா அத்தியாயத்தின் 90 ஆவது வசனம் மதுவோடு சேர்த்து விலக்கிய 'மைஸிர்' எத்தகையது என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். அறியாமைக் கால அரபிகள் ஓர் ஒட்டகத்தை அறுத்துப் பங்கிட்டு, பத்து அம்புகளைப் பையிலிட்டுக் குலுக்கி எடுப்பார்கள். ஏழு அம்புகளுக்குப் பங்கு உண்டு. 'முஅல்லா' என்ற அம்புக்கு ஏழு பங்கு. மூன்று அம்புகள் வெற்று. வெற்றம்பு பெற்றவர்கள் ஒட்டகத்தின் விலையைக் கொடுக்க வேண்டும். வியப்பு என்னவென்றால், வென்றவர்கள் அந்த இறைச்சியைத் தாங்கள் உண்ணாமல் ஏழைகளுக்கு வழங்கிவிடுவதைப் பெருமையாகக் கருதினர். பஞ்ச காலத்தில் அதனால் பசி தீர்ந்தவர்களும் உண்டு. அந்தப் பயன் இருப்பதை அல்பகரா அத்தியாயத்தின் 219 ஆவது வசனம் மறுக்கவில்லை. பாவம் பயனைவிடப் பெரிது என்கிறது. தாயின் கையில் கொண்டுவந்து கொடுத்த பிள்ளையின் நல்ல மனத்தையும் நாம் அவ்வாறே மறுக்க வேண்டியதில்லை.

"குலுக்கல் வேறு, அறிவால் கணிப்பது வேறு" என்று மகன் சொல்லக்கூடும். ரோமர்கள் சில ஆண்டுகளில் மீண்டும் வெல்வார்கள் என்று இறைவசனம் இறங்கியபோது ஹஜ்ரத் அபூபக்ர் (ரலி) அவர்கள் மக்காவின் இணைவைப்போரோடு ஒட்டகங்களைப் பணயம் வைத்தார்கள். அதைவிட உறுதியான கணிப்பு உலகில் ஏது? ஆயினும் அது பந்தயம் தடுக்கப்படுவதற்கு முந்தியது என்று திர்மிதியில் காணப்படுகிறது. வென்றவற்றைத் தர்மம் செய்துவிடுமாறு அண்ணலார் (ஸல்) பணித்ததாகச் சில அறிவிப்புகள் கூறுகின்றன. பின்னர் அம்பெய்தல், ஒட்டகப் பந்தயம், குதிரைப் பந்தயம் ஆகியவற்றுக்கே பரிசுப் பொருள் அனுமதிக்கப்பட்டது. அங்கும்கூட ஓடுகின்ற இருவருமே பொருள் வைப்பதற்கு ஃபிக்ஹு நூல்கள் கடும் நிபந்தனைகள் இட்டுள்ளன. நம் மாவட்டத்தில் ஹனஃபிகளும் ஷாஃபிகளும் அடுத்தடுத்த ஊர்களில் வாழ்கிறோம். தொழுகையில் கைகட்டும் இடத்தில் வேறுபடலாம். இந்த அடிப்படையில் வேறுபாடு இல்லை.

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இயற்றிய இணையவழி விளையாட்டுச் சட்டம் திறமையா, அதிர்ஷ்டமா என்ற பழைய கேள்வியையே கைவிட்டது. பணம் கட்டி, பணம் எதிர்பார்த்து ஆடும் இணைய விளையாட்டு எதுவாயினும் தடை என்றது. அதை நடத்துவோருக்கு மூன்றாண்டு வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். ஆடுபவர்களை அது தண்டிப்பதில்லை. அந்த மாதமே ட்ரீம் 11 பணப் போட்டிகளை நிறுத்தியது. மொட்டைமாடி ஏலம் இணையத்தில் நடந்ததன்று என்பதால் அச்சட்டம் அதைத் தொடாமல் போகலாம். நம் கணக்கு அச்சட்டத்தோடு முடிவதில்லை.

இனி அந்த 3,500 ரூபாய். சூதில் வந்த பொருளின் உரிமையாளர் தெரியாவிட்டால், நன்மையை எதிர்பாராமல் ஏழைகளுக்குக் கொடுத்துவிட வேண்டும். தெரிந்தால் அவரிடமே திருப்ப வேண்டும். இங்கே உரிமையாளர்கள் அனைவரும் தெரிந்த நண்பர்கள். 3,500 இல் 500 மகனுடைய சொந்தப் பணம். மீதி 3,000 தோற்ற எட்டுப் பேருக்கு உரியது: தலைக்கு 375 ரூபாய். இரண்டாமிடம் பெற்ற பிள்ளையும் தன் 500 போக மீதி ஆயிரத்தை அவ்வாறே தலைக்கு 125 ஆகத் தந்துவிட்டால் எட்டுப் பேருக்கும் அவரவர் 500 திரும்பிவிடும். அவன் தர மறுத்தாலும் உங்கள் மகன் தன் பங்கைத் தந்துவிடட்டும். எடுத்த துணியைக் கழற்றி எறிய வேண்டாம், சகோதரி. அந்தத் தொகையை ஈடு செய்தால் போதும். கணவர் அனுப்பும் பணத்திலிருந்து நீங்களே கொடுத்துவிடாதீர்கள். மகன் பகுதிநேர வேலை பார்த்தோ, தன் செலவைக் குறைத்தோ, இரண்டு மூன்று மாதங்களில் தீர்க்கட்டும்.

நோட்டுப் புத்தகத்தைக் கிழிக்கச் சொல்லாதீர்கள். பணம் இல்லாமல் ஏலமும் ஒப்பந்தமும் பரிமாற்றமும் தாராளமாக நடக்கலாம்; இரவு ஆட்டம் பதினொரு மணி தாண்டி முடிந்தாலும் பஜ்ருக்கு எழுந்தால் சரி. பரிசு வேண்டுமென்று பிள்ளைகள் ஏங்கினால், ஆட்டத்தில் சேராத பெரியவர் ஒருவர் தம் கைப்பணத்தில் ஒரு கோப்பையோ புத்தகமோ அன்பளிப்பாகத் தரலாம். தோற்றவனிடமிருந்து எதுவும் போகாததால் தற்கால அறிஞர்கள் பலர் இதை அனுமதித்துள்ளனர். சிங்கப்பூரிலிருந்தோ துபாயிலிருந்தோ விடுமுறையில் வரும் மாமன்மார்களுக்கு இது பெரிய செலவுமன்று. ஆளுக்கு இருபது ரூபாய் போட்டு எல்லோரும் சேர்ந்து தேநீர் குடிப்பதும் பந்தயமாகாது, தோற்றவனுக்கும் ஒரு குவளை கிடைக்கும் வரையில்.