இரட்டைக் கர்ப்பம்: படுத்தே இருந்தால் குறைப்பிரசவத்தைத் தடுக்க முடியுமா?

ஸ்கேனில் இரண்டு இதயத்துடிப்பு தெரிந்த அன்றே வீட்டில் கட்டுப்பாடுகள் தொடங்கிவிடும். மாடி ஏறாதே, குனியாதே, குடத்தைத் தூக்காதே என்பார்கள். ஏழாம் மாதம் வந்ததும், ‘பேசாம ஆஸ்பத்திரியிலேயே சேர்த்துடலாமா?’ என்ற பேச்சும் எழும்.

பயம் நியாயமானதுதான். இரட்டையராகப் பிறக்கும் குழந்தைகளில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் 37 வாரம் முடிவதற்குள் பிறந்துவிடுகிறார்கள். ஆனால், படுக்கை அதைத் தடுப்பதில்லை.

ஜிம்பாப்வே நாட்டின் ஹராரே நகரில், இரட்டைக் குழந்தைகளைச் சுமந்த பெண்களை இரு குழுவாகப் பிரித்து ஆய்வு செய்தார்கள். ஒரு குழு 32-வது வாரத்திலிருந்து மருத்துவமனையில் ஓய்வெடுத்தது. மற்ற குழு வீட்டில் இருந்தது. 1985-ல் முடிவு வெளியானது. மருத்துவமனையில் இருந்தவர்களுக்குக் குறைப்பிரசவம் குறையவில்லை. 2010-ல், இதுபோன்ற 7 ஆய்வுகளில் பங்கேற்ற 713 பெண்களின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்தபோதும், ஓய்வால் குறைப்பிரசவம் குறைந்ததாகத் தெரியவில்லை.

நாள் முழுக்கப் படுத்திருப்பதில் ஆபத்தும் உண்டு. கர்ப்ப காலத்தில் ரத்தம் எளிதில் உறையும். அசையாமல் கிடந்தால் கால் நரம்புகளில் ரத்தக்கட்டு உருவாகலாம். தசைகளும் பலம் இழக்கும். பிறகு இரண்டு குழந்தைகளைத் தூக்கி வளர்க்க வேண்டியவர் அந்தத் தாய்தான்.

மருத்துவமனையில் தங்கவே வேண்டியவர்களும் இருக்கிறார்கள். ரத்தப்போக்கு, உயர் ரத்த அழுத்தம், பனிக்குடம் உடைதல், இரு குழந்தைகளும் ஒரே நஞ்சுக்கொடியைப் பகிர்வதால் வரும் சிக்கல் போன்றவை இருந்தால் டாக்டர் அட்மிட் செய்வார். அங்கே பலன் தருவது கண்காணிப்பும் சிகிச்சையும்தான்.

உண்மையில் உதவுபவை

* 11 முதல் 14 வாரத்துக்குள் எடுக்கும் ஸ்கேனில், நஞ்சுக்கொடி ஒன்றா இரண்டா என்று கேட்டுத் தெரிந்துகொள்வது.
* கருப்பை வாயின் நீளத்தை ஸ்கேனில் அளக்க வேண்டுமா என்று டாக்டரிடம் கேட்பது.
* பச்சிளம் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள மருத்துவமனையை முன்பே முடிவு செய்வது.

குறைப்பிரசவ வலி தொடங்கிவிட்டால் நேரம்தான் முக்கியம். குழந்தைகளின் நுரையீரல் முதிர்ச்சியடைய, தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள். 1972-ல் நியூசிலாந்து மருத்துவர்கள் லிகின்ஸும் ஹோவியும் இதன் பலனை நிரூபித்தார்கள். பொதுவாக 24 முதல் 34 வாரம் வரை இது தரப்படுகிறது. முழுப் பலன் கிடைக்க ஒன்றிரண்டு நாள் ஆகும். வலியைச் சற்றுத் தள்ளிப்போடும் மருந்துகள் தருவதும் அந்த அவகாசத்துக்காகவே.

எனவே, விட்டுவிட்டு ஒரே சீராக வயிறு இறுகுதல், மாதவிலக்கு போன்ற வலி, விடாத இடுப்புவலி, நீர்க்கசிவு, ரத்தம், அடிவயிற்றில் அழுத்தம் என எது தெரிந்தாலும் ‘காலையில் பார்த்துக்கலாம்’ என்று இருக்கக் கூடாது. இரவானாலும் 108-ஐ அழைத்துக் கிளம்ப வேண்டும். குழந்தைகளின் அசைவு குறைந்தாலும் அப்படியே.

இவ்வளவு பார்த்தும் குழந்தைகள் முந்திப் பிறக்கலாம். அப்போது, ‘அன்னிக்கு மாடி ஏறினியே, அதான்’ என்று யாரும் சொல்ல வேண்டாம். இன்குபேட்டரில் இருக்கும் இரு குழந்தைகளுக்குத் தாய்ப்பால் எடுத்துக் கொடுக்க வேண்டிய நேரத்தில், செய்யாத குற்றத்தையும் அவர் சுமக்கத் தேவையில்லை.