நல்ல ஜட்ஜ் வந்தால் போதுமா?

"புது ஜட்ஜ் ரொம்பக் கெட்டிக்காரராம், இனிமேல் கேஸெல்லாம் ஓடுமாம்." தர்மபுரி கோர்ட் பக்கத்து டீக்கடையில் சில வருஷங்களுக்கு ஒரு முறை இந்தப் பேச்சு கிளம்பும். அவர் மாற்றலாகிப் போனதும் அடுத்தவரைப் பற்றி அதே பேச்சு. கேட்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வருகிறது. ஒரு மனிதரின் சுபாவத்தைப் பார்த்துத்தான் கோர்ட் நடக்கும் என்றால் புத்தகம் புத்தகமாக விதி எதற்கு?

விதி இல்லாமல் இல்லை. சிவில் நடைமுறைச் சட்டத்தில் கட்டளை 17-ஐப் பாருங்கள். 2002 ஜூலை 1 முதல், விசாரணையின்போது ஒரு கட்சிக்கு மூன்று வாய்தாவுக்கு மேல் கிடையாது. ஒவ்வொன்றுக்கும் காரணத்தை நீதிபதி எழுத வேண்டும். செலவுத்தொகை பற்றியும் உத்தரவு போட வேண்டும். வக்கீல் வேறு கோர்ட்டில் இருக்கிறார் என்பது ஒரு காரணமே ஆகாது என்றும் அதிலேயே இருக்கிறது. வாய்தாவுக்கு நடையாய் நடந்தவர்கள் இதைப் படித்தால் சிரிப்பார்கள்.

இந்தத் திருத்தங்களை எதிர்த்து டில்லி வரை போனவர்கள் வேறு யாருமல்ல, நம் பக்கத்துச் சேலம் வழக்கறிஞர் சங்கத்தார். 2005 ஆகஸ்ட் 2-ல் உச்ச நீதிமன்றம் அந்த வழக்கில் தீர்ப்புச் சொன்னது. மூன்று வாய்தா விதி செல்லும். கட்சிக்காரர் கையை மீறிய அசாதாரண நிலைமை என்றால் மட்டும் கூடுதலாகத் தரலாம் என்றது. நீதிபதி ஜெகந்நாத ராவ் குழு தயாரித்த மாதிரி விதிகளையும் உயர் நீதிமன்றங்கள் பரிசீலிக்கச் சொன்னது. அதில் வழக்குகளைத் தரம் பிரித்து, ஜீவனாம்சம் போன்றவற்றுக்கு 9 மாதம், பாகப்பிரிவினை போன்றவற்றுக்கு 24 மாதம் என்று கெடு வைத்திருந்தார்கள். இருபத்து நான்கே மாதம்! நம் ஊரில் பாகம் கேட்டுப் போட்ட கேஸில் வாதி செத்து, வாரிசைச் சேர்க்க மனுப்போட்டு, அந்த வாரிசுக்கும் தலை நரைத்துவிடுகிறது. அசாதாரண நிலைமைக்கு என்று திறந்த ஜன்னல் வழியாகத்தான் இன்று எல்லோரும் போய் வருகிறார்கள்.

நான் படித்த பிரெஞ்சில் கோர்ட்டின் வழக்குப் பட்டியலுக்கு 'ரோல்' என்று பெயர். நாடகத்தில் நடிகர் கட்டும் வேஷத்துக்கும் அதே சொல்தான். பத்தரை மணிக்கு எல்லாக் கட்சிக்காரர்களையும் வரவழைத்து, பேரைக் கூப்பிட்டு, சாயங்காலம் தேதி கொடுத்து அனுப்புவதைப் பார்த்தால் அந்தச் சொல் பொருத்தமாகத்தான் படுகிறது.

அரசு அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தவர்களுக்கு டோட்டன்ஹாம் முறை தெரியும். வெள்ளைக்காரன் காலத்தில் வந்தது. எந்தத் தபால் வந்தாலும் தன் பதிவேட்டில் ஏற வேண்டும். என்ன நடவடிக்கை எடுத்தோம், ஏன் நிலுவை என்பதற்குப் பதில் இருக்க வேண்டும். அதிகாரி குறித்த நாளில் பதிவேட்டைப் பார்த்துக் கையெழுத்துப் போடுவார். சிரிப்பவரோ சீறுபவரோ, எந்த அதிகாரி வந்தாலும் அந்தப் பதிவேடு இருந்தது. அலுவலகம் பிரமாதமாக நடந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் நிலுவைக்கு ஒரு ஆள் பொறுப்பு என்பதாவது தெரிந்தது. கோர்ட்டிலும் 'ஏ' டைரி, 'பி' டைரி எல்லாம் உண்டு. அதில் தேதி இருக்கும். வாய்தா கேட்டது யார், எத்தனையாவது தடவை என்பதைக் கட்சிக்காரர் எங்கே போய்ப் பார்ப்பது? செல்போனில் அடுத்த தேதி தெரிகிறது என்று பேரன் காட்டுகிறான். சரி, இந்தத் தேதி ஏன் போயிற்று?

நீதிபதிகள் போதவில்லை என்பார்கள். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் காரணத்தை எழுத ஒரு வரி போதும், அதற்குப் புது நீதிபதி தேவையில்லை. புறக்கணிப்பு நாட்களுக்கு என்ன சமாதானம்? வக்கீல்களுக்கு வேலைநிறுத்த உரிமை இல்லை என்று 2002-லேயே ஹரிஷ் உப்பல் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியாகிவிட்டது.

தாமதம் என்ன செய்யும் என்பதற்கு நம் மாவட்டத்துக்கு வெளியே போக வேண்டாம். வாச்சாத்தியில் கொடுமை நடந்தது 1992 ஜூன் 20. தர்மபுரி அமர்வு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 2011 செப்டம்பர் 29. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் அதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மீதி 215 பேருக்கும் தண்டனை. அது கிரிமினல் வழக்கு, தாமதத்துக்குக் காரணங்களும் வேறு. ஆனாலும் 19 வருஷம் காத்திருந்த அந்தப் பெண்களிடம் போய் நல்ல ஜட்ஜ் வருவார் என்று சொல்ல யாருக்கு வாய் வரும்?

விதி செய்யும் அதிகாரம் உயர் நீதிமன்றத்திடம் இருக்கிறது. ஆனால் மாவட்டத்து கோர்ட்டுகளுக்குத் தலைவர் மாவட்ட நீதிபதிதான். ஒரு கோர்ட்டிலிருந்து இன்னொன்றுக்கு வழக்கை மாற்றவே அவருக்கு அதிகாரம் உண்டு. ஒரு பலகை வைக்க முடியாதா? தர்மபுரி, அரூர், பாலக்கோடு, பென்னாகரம் என்று ஒவ்வொரு கோர்ட் வாசலிலும், மாதம் ஒரு முறை, தமிழில்: வழக்கு எண், இதுவரை எத்தனை வாய்தா, கேட்டது யார், என்ன காரணம், செலவுத்தொகை எவ்வளவு. கீழே அவர் கையெழுத்து. அடுத்து வருபவரும் அதையே தொடர வேண்டும் என்று சென்னையிலிருந்து ஒரு உத்தரவு.

வக்கீல்களில் சிலருக்குக் கோபம் வரும். வரட்டும். ஏரியூரிலிருந்து விடியற்காலையில் பஸ் ஏறி வருகிற கிழவிக்கு, தன் பயணத்தை வீணாக்கியது எதிர்க்கட்சியா, தன் சொந்த வக்கீலா என்பது அன்றைக்காவது தெரியும்.