மன்னிப்புக் கேளாமல் மாண்டவன்

கெட்டவன் சாகும்போது அழ வேண்டும். செய்த பாவங்களை ஒவ்வொன்றாகச் சொல்லிப் புலம்ப வேண்டும். "நன்றாய் வேண்டும் இவனுக்கு" என்று நாம் ஒரு பக்கம் சொல்லிக் கொண்டே, இன்னொரு பக்கம் கைக்குட்டையைத் தேட வேண்டும். நாடகக் கொட்டகைக்குப் போகிறவர்களின் இந்த ஆசை இன்று நேற்றுத் தோன்றியதல்ல. இங்கிலாந்தில் முந்நூறு வருஷங்களுக்கு முன்பே இருந்தது. ஷேக்ஸ்பியர் அந்த ஆசையை நிறைவேற்றவில்லை என்பதற்காக, 'மாக்பெத்' நாடகத்தின் கடைசி அங்கத்தையே திருத்தி விட்டார்கள், புண்ணியவான்கள்!

முதலில் கை வைத்தவர் டேவனன்ட். அவருடைய திருத்தத்தில் மந்திரக்காரிகள் பாடினார்கள், ஆடினார்கள், அந்தரத்தில் பறந்தார்கள். அது போகட்டும். சாகப் போகும் மாக்பெத்தின் வாயில், வீண் உலகத்துக்கும் அதைவிட வீணான பேராசைக்கும் விடை கொடுக்கும் ஒரு வரியை அவர் திணித்தார். 1674ல் அச்சான புத்தகத்தில் அதைப் பார்க்கலாம். அதற்குப் பிறகு, 1744ல் நடிகர் காரிக் வந்தார். ஷேக்ஸ்பியர் எழுதியபடியே நடிக்கப் போகிறேன் என்று சொன்னவர் அவர். சொன்னபடி பெரும்பாலும் செய்யவும் செய்தார். ஆனால், மேடையில் சாவதில் பெயர் எடுத்த நடிகருக்கு, சாகும்போது பேச வசனம் இல்லை என்றால் பொறுக்குமா? தாமே ஒரு மரணப் பிரசங்கம் எழுதிச் சேர்த்துக் கொண்டார். பேராசைக் கனவு கலைந்து விட்டது, ரத்தம் தோய்ந்த ஆத்மா மேலே எழ மறுக்கிறது, கருணை கேட்கத் துணிவில்லை, நரகம் இழுக்கிறது என்றெல்லாம் அதில் மாக்பெத் அலறுகிறான்.

ஷேக்ஸ்பியர் எழுதிய மாக்பெத்தோ இவற்றில் ஒன்றையும் சொல்வதில்லை. மண்டியிட மாட்டேன், மோதிப் பார் என்று வாளை ஓங்குகிறான், வெட்டுப்படுகிறான். அவ்வளவுதான். இது நாடகத்தின் குறை என்று கருதுகிறவர்கள் இன்றும் உண்டு. என் அபிப்பிராயம் நேர் மாறானது. அந்த வாய் மூடியிருப்பதில்தான் ஐந்தாம் அங்கத்தின் பயங்கரம் முழுவதும் இருக்கிறது.

எப்படி என்று கேட்கலாம். அதற்கு நாடகத்தின் இரண்டாம் அங்கத்துக்குக் கொஞ்சம் திரும்பிப் போக வேண்டும்.

தன் வீட்டுக்கு விருந்தாளியாக வந்த மன்னன் டங்கனைத் தூக்கத்தில் குத்திக் கொன்று விட்டு மாக்பெத் வெளியே வருகிறான். அப்போது அவன் படும் பாடு சொல்லி முடியாது. 'ஆமென்' என்ற சொல் தொண்டையை விட்டு வெளியே வரவில்லையே என்று தவிக்கிறான். தூக்கத்தையே கொன்று விட்டாய் என்று ஏதோ ஒரு குரல் வீடு முழுவதும் கூவுகிறதாம். கடல் நீர் எல்லாம் சேர்ந்தாலும் தன் கையைக் கழுவாது, கடல்தான் சிவந்து போகும் என்று நடுங்குகிறான். மனைவியோ, கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கழுவினால் போய் விடும் என்கிறாள். வீட்டுக் காரியம் பேசுவது போல் அவ்வளவு சாதாரணமாகச் சொல்கிறாள்!

அந்தத் தண்ணீர் ஐந்தாம் அங்கத்தில் திரும்பி வருகிறது. நான்காம் அங்கம் முழுவதிலும் ராணியை நாம் பார்ப்பதே இல்லை. அதற்குப் பிறகு திரை விலகினால், டன்ஸினேன் கோட்டையில் நள்ளிரவு. ஒரு வைத்தியரும் ராணியின் அந்தரங்கச் சேடியும் ஒளிந்து நிற்கிறார்கள். இரண்டு இரவு காத்திருந்தும் வைத்தியர் ஒன்றையும் காணவில்லை. மூன்றாம் இரவில் ராணி தூக்கத்திலேயே நடந்து வருகிறாள், கையில் விளக்குடன். இரவெல்லாம் அருகில் விளக்கு எரிய வேண்டும் என்பது அவள் கட்டளை. கொலை நடந்த அன்று இருட்டைக் கூவி அழைத்தவளும் இவளேதான்!

அவள் கைகளைத் தேய்க்கிறாள். கால் மணி நேரம்கூட இப்படித் தேய்ப்பதுண்டு என்று சேடி சொல்கிறாள். கறை போகவில்லை, வாடையும் போகவில்லை. கிழவனுடைய உடம்பில் இத்தனை ரத்தம் இருக்கும் என்று யார் நினைத்தார்கள் என்று அவளுக்கு ஆச்சரியம். மாக்டப்பின் மனைவி எங்கே என்று கேட்கிறாள். கதவு தட்டும் சத்தம் கேட்கிறது என்கிறாள், யாரும் தட்டவில்லை. படுக்கப் போவோம் என்று கணவனை அழைத்துக் கொண்டு போகிறாள்; கணவன் அங்கே இல்லை. கம்பீரமான செய்யுளில் பேசிய பெண்ணுக்கு இந்தக் காட்சியில் கவிஞர் கொடுத்திருப்பது துண்டு துண்டான வசன நடைதான். ஷேக்ஸ்பியர் கதையை எடுத்த ஹாலின்ஷெட்டின் சரித்திரப் புத்தகத்தில் இப்படி ஒரு காட்சியே கிடையாது. அதில் மாக்பெத்தின் மனைவிக்குக் கிடைப்பது ராணிப் பட்டத்துக்கு ஆசைப்பட்டாள் என்ற அளவில் ஒரு சிறு குறிப்புத்தான். மற்றதெல்லாம் கவிஞரின் சொந்தப் படைப்பு.

இந்த இடத்தில் ஒரு நடிகையைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1785ல் லண்டன் டுரூரி லேன் அரங்கில் ஸாரா ஸிடன்ஸ் அம்மையார் இந்த வேஷம் கட்டினார். அதுவரை விளக்கைக் கையிலேயே பிடித்துக் கொண்டு நடிப்பதுதான் சம்பிரதாயம். ஸிடன்ஸ், விளக்கைக் கீழே வைத்து விட்டு இரண்டு கைகளையும் தேய்த்துக் கழுவினார். அப்படிச் செய்யக் கூடாது என்று கொட்டகை முதலாளி ஷெரிடன் வாதாடிப் பார்த்தார், அம்மையார் கேட்கவில்லை. யோசித்துப் பாருங்கள்: ஒரு கையில் விளக்கை வைத்துக் கொண்டு இன்னொரு கையை எப்படிக் கழுவுவது? பண்டிதர்களுக்குத் தோன்றாதது அந்தப் பெண்மணிக்குத் தோன்றியது.

ஆக, கொலையன்று கணவன் பட்ட வேதனை இப்போது மனைவியிடம் வந்து விட்டது. மனைவியிடம் அன்று இருந்த கல்நெஞ்சு கணவனிடம் போய் விட்டது. இதுதான் இருவருக்கும் கிடைத்த தண்டனை என்று நான் நினைக்கிறேன். இரண்டில் எது கொடியது என்று கேட்டால், மாக்பெத்துக்குக் கிடைத்ததுதான்.

ராணியின் நோயைப் பற்றி வைத்தியரிடம் விசாரிக்கிறான். மனத்தில் வேர் விட்ட துக்கத்தைப் பிடுங்கி எறிய மருந்து உண்டா என்று கேட்கிறான். மனைவிக்காகத்தான் கேட்கிறான், ஆனால் கேட்கிற தோரணையில் நோயாளி யார் என்பது விளங்கி விடுகிறது. அதற்கெல்லாம் நோயாளிதான் தனக்குத் தானே வைத்தியம் பார்த்துக் கொள்ள வேண்டும் என்கிறார் வைத்தியர். அப்படியானால் மருந்தை நாய்க்குப் போடு என்று எரிந்து விழுந்து, கவசத்தைக் கொண்டு வரச் சொல்கிறான். முதுமையில் ஒரு மனிதனுக்குத் துணை நிற்கும் மரியாதை, அன்பு, நண்பர் கூட்டம் எதுவும் தனக்கு வாய்க்காது என்பதும் அவனுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் அழுகை வரவில்லை.

பெண்கள் அலறும் ஓசை கேட்கிறது. ஒரு காலத்தில் இப்படி ஒரு சத்தம் கேட்டால் உடம்பு சில்லிட்டிருக்கும், இப்போது பயத்தின் ருசியே மறந்து போயிற்று என்கிறான். ராணி இறந்தாள் என்ற செய்தி வருகிறது. என்றாவது ஒரு நாள் சாக வேண்டியவள்தானே என்கிற மாதிரி ஒரு பேச்சு. பிறகு வாழ்க்கையே அர்த்தமில்லாத கூச்சல் என்று ஒரு விரக்தி. எப்படி இறந்தாள் என்றுகூட அவன் கேட்கவில்லை! கல்லூரியில் இந்தப் பகுதியை மனப்பாடம் செய்து ஒப்பித்த நாளில் அதன் அழகுதான் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. அது ஒரு மனைவியின் மரணச் செய்திக்குக் கணவன் சொன்ன பதில் என்பது வெகு நாட்களுக்குப் பிறகுதான் உறைத்தது. மாக்பெத்தின் வீழ்ச்சி அந்த இடத்தில் முடிந்து விட்டது. பர்னம் வனம் நகர்ந்து வந்ததும், மாக்டப் தாயின் வயிற்றைக் கிழித்து எடுக்கப்பட்டவன் என்று தெரிந்ததும் பிற்பாடு நடந்த சம்பிரதாயங்கள்.

அப்படியானால் அவனிடம் குற்ற உணர்ச்சி கொஞ்சமும் மிஞ்சவில்லையா? ஒரே ஒரு இடத்தில் மிஞ்சியிருக்கிறது. போர்க்களத்தில் மாக்டப் எதிரே வந்து நிற்கும்போது, உன்னை மட்டும் நான் தவிர்த்து வந்தேன், திரும்பிப் போய் விடு, உன் குடும்பத்தின் ரத்தம் ஏற்கெனவே என் ஆத்மாவில் பாரமாக இருக்கிறது என்கிறான். சற்று முன்புதான் ஒரு வாலிபனை வெட்டிச் சாய்த்து விட்டுப் பரிகாசம் செய்தவன் அவன். மாக்டப்பின் மனைவியையும் குழந்தைகளையும் கொல்ல ஆள் அனுப்பியவனும் அவனே. இது பச்சாதாபம் அல்ல. மன்னிப்பு வேண்டுகிற எண்ணம் இதில் இல்லை. சுமை தாங்கவில்லை என்கிற ஒரு முனகல், அவ்வளவே. காரிக் எழுதிய பிரசங்கம் முழுவதையும் விட இந்த முனகலில் உண்மை அதிகம்.

கடைசியில் மாக்டப் அவன் தலையைக் கொண்டு வருகிறான். புது மன்னன் மால்கம், மாக்பெத்தைக் கசாப்புக்காரன் என்றும் அவன் ராணியைப் பிசாசு என்றும் இரண்டே சொல்லில் தீர்த்து விட்டு, முடிசூட்டு விழாவுக்கு எல்லோரையும் ஸ்கோனுக்கு அழைக்கிறான். தகப்பனைப் பறி கொடுத்தவன் வேறு எப்படிப் பேசுவான்? அவன் மேல் தவறில்லை. ஆனால், ராணி கை கழுவியதை அவன் பார்க்கவில்லை. பார்த்தவர்கள் இரண்டு பேர்தான். தனியாக இருந்த நாட்களில் கேட்டதைச் சாட்சி இல்லாமல் சொல்ல மாட்டேன் என்று சேடி வாயை மூடிக் கொண்டாள். நினைக்கிறேன், பேசத் துணிவில்லை என்றார் வைத்தியர். கோட்டை விழுந்த பிறகு அவர்கள் இருவரும் என்ன ஆனார்கள் என்பதை ஷேக்ஸ்பியர் எழுதவில்லை.