உட்கார்ந்து படிக்க ஓர் இடம்

பத்துக்குப் பத்து வீட்டில் ஐந்து பேர் படுக்கிற சேரிப் பிள்ளைக்கு நூலகம் என்பது முதலில் ஒரு நாற்காலி, ஒரு விளக்கு. புத்தகம் அப்புறம்தான்.

கோட்டூர்புரத்தில் 2010இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகத்தோடு போய் உட்கார்ந்து படிக்கத் தனி இடம் உண்டு. அந்த நூலகத்தைத்தான் 2011இல் குழந்தைகள் மருத்துவமனையாக்கக் கிளம்பினார்கள், உயர்நீதிமன்றம் தடுத்தது. ஆஸ்பத்திரி வேணாம்னு யார் சொன்னது? அதுக்கு இந்தக் கட்டடம்தானா கெடச்சது?

சொத்துவரியோடு ரூபாய்க்கு 10 பைசா நூலக வரி வாங்குகிறார்கள். வாடகைக்கு இருக்கிறவனும்தான் அதைச் சுமக்கிறான். நகரத்துக் குடிசைகளிலிருந்து கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் தூக்கியெறியப்பட்ட நம் பிள்ளைகள் கோட்டூர்புரம் வந்து திரும்பவே பாதிப் பொழுது போய்விடும். ராத்திரி பத்து மணி வரை திறந்திருக்கிற படிப்பகம் அவர்கள் குடியிருப்புக்குள்ளேயே வேணும். தோழர்களே, அடுத்த மனு இதற்குத்தான்.