நாலு சக்கரமும் இழுத்தால் போதுமா?



ஜீப் சமாச்சாரம் ஆண்கள் பாடு, நமக்கென்ன என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். அதில் ஏறிப் போவது நாமும் நம் பிள்ளைகளும்தானே!

நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து, நாலு சக்கர இழுவை உள்ள வண்டிகளில் காட்டுப் பாதையில் போய்வருவது எங்கள் உறவுக்குள்ளும் பழக்கமாகிவிட்டது. அருப்புக்கோட்டையில் கிளம்பி, திருச்சுழி பக்கம் கரிசல் வண்டிப்பாதையில் இறங்கி, குண்டாற்று மணலைத் தாண்டுவார்கள். ஜீப் நமக்குப் புதிதல்ல. 1947-லேயே மகிந்திரா கம்பெனி வில்லிஸ் ஜீப்பை இந்தியாவில் பூட்டி விற்க ஆரம்பித்துவிட்டது. ஆனால் உல்லாசமாகப் போகும்போது ஆயத்தம் குறைந்துவிடுகிறது. அதுதான் என் கவலை.

சாதாரண ஜீப்பில் என்ஜின் சக்தி பின் சக்கரங்களுக்கு மட்டும் போகும். இதில் ஒரு லீவரைப் போட்டால் முன் சக்கரங்களும் சேர்ந்து இழுக்கும். சாதாரண வண்டி ஊர் எல்லையிலேயே சிக்கும். கூப்பிட்டால் ஆள் வரும். இதுவோ ஆளரவமே இல்லாத இடம்வரை போய்த்தான் சிக்கும். ஆகவே போவதற்கு நாலு சக்கரம் போதும், திரும்பி வருவதற்கு ஆயத்தம் வேண்டும்.

போன பங்குனியில் நடந்ததைக் கேளுங்கள். மத்தியான வெயிலில் ஒரு வண்டி சூடாகி நின்றுவிட்டது. குடிக்க வைத்திருந்த தண்ணீரையெல்லாம் ரேடியேட்டருக்கு ஊற்றிவிட்டார்கள். அரை மணியில் என் ஓர்ப்படிக்குத் தலை சுற்றி, கண் இருட்டிக்கொண்டு வந்தது. பக்கத்தில் ஆட்டுக்கிடை போட்டிருந்த கீதாரி ஒருவர் குடத்தோடு தண்ணீர் கொடுத்தார். “வண்டிக்குத் தாகம்னா நிக்கும் தாயி, மனுசனுக்குத் தாகம்னா சாஞ்சிருவான்” என்றார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் இரண்டு தண்ணீருக்கும் தனித்தனி கேன்.

ஆளுக்கு ஒரு நாளைக்கு நாலைந்து லிட்டர் குடிநீர் கணக்கு வையுங்கள். டீசல் பிடித்த கேனை எவ்வளவு கழுவினாலும் குடிநீருக்கு எடுக்காதீர்கள். உப்பு-சர்க்கரைப் பொட்டலம் (ஓ.ஆர்.எஸ்.) கொண்டுபோங்கள். இல்லாவிட்டால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டையும் தலை தட்டி அளந்து கலந்தால் போதும். உப்பு கூடிவிடக் கூடாது. சூடான ரேடியேட்டர் மூடியை யாரையும் திறக்க விடாதீர்கள். கொதிநீர் முகத்தில் அடிக்கும்.

இனி வண்டி. கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னதாகவே மெக்கானிக்கிடம் காட்டி ஆயில், பிரேக், ஃபேன் பெல்ட், பேட்டரி எல்லாம் பார்த்துவிட வேண்டும். “அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது” என்பது ஜீப்புக்கும் பொருந்தும். எங்கள் பக்கம் சீமைக்கருவேல முள் டயரைப் பதம் பார்த்துவிடும். ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்று வீட்டிலேயே பாருங்கள். பஞ்சர் சாமானும் காற்றடிக்கும் பம்பும் அவசியம். ஏனென்றால் மணலில் இறங்கும்போது டயர் அகன்று பதிவதற்காக, முப்பது பவுண்டு காற்றை இருபதாகக் குறைப்பார்கள். தார் ரோட்டுக்கு ஏறுமுன் மறுபடி நிரப்பியாக வேண்டும். லீவரையும் எடுத்துவிடச் சொல்லுங்கள். பழைய ஜீப்புகளில் அதைப் போட்டபடி தார் ரோட்டில் ஓட்டினால் வளைவுகளில் அச்சும் கியரும் முறுக்கிக்கொள்ளும்.

மணலில் ஜாக்கி புதையும். அதன் அடியில் வைக்க, பரணில் கிடக்கும் பழைய மணைப்பலகை போதும்! மண்வெட்டி ஒன்று, கெட்டிக் கயிறு ஒன்று. சிக்கிய வண்டியை இழுக்கும்போது கயிற்றைச் சேஸிஸில் உள்ள கொக்கியில்தான் மாட்ட வேண்டும். பம்பரில் கட்டினால் பிய்த்துக்கொண்டு பறக்கும். கயிற்றின் நடுவே ஈரச்சாக்கைப் போட்டு, பிள்ளைகளை வெகுதூரம் தள்ளி நிறுத்துங்கள். அறுந்த கயிறு சாட்டையாக வீசும்.

ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்த கரிசலில் இறங்கவே கூடாது. அந்த மண் தண்ணீரைக் குடித்து உப்பி, சக்கரத்தில் பசை மாதிரி அப்பிக்கொள்ளும். “ஈரக் கரிசல்ல மாடே கால் வைக்க யோசிக்கும், உங்க ஜீப் என்ன பெருசா?” என்பார் என் அத்தை. மழை இல்லாத நாளிலும் விதைத்த காட்டிலோ கண்மாய்க் கரையிலோ வண்டியை ஏற்ற வேண்டாம். கரை உடைந்தால் ஊருக்கே நஷ்டம்.

பாம்பு பயமும் உண்டு. கடித்துவிட்டால் இறுக்கிக் கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட கை காலை அசைக்காமல், ஆளை நடக்கவிடாமல் நேரே ஆஸ்பத்திரி. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்துக்கும் ஒரே முறிவு மருந்துதான் போடுகிறார்கள். அது எந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறது என்று கிளம்புமுன் விசாரித்து வையுங்கள். 108-ஐக் கூப்பிட, காட்டில் டவர் கிடைக்காமல் போகலாம். ஆகையால் போகும் பாதை, திரும்பும் நேரம் இரண்டையும் எழுதி வீட்டில் இருப்பவரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள்.

கூட்டமாகப் போவதில் ஒரே சட்டம்: ஒவ்வொருவரும் தமக்குப் பின்னால் வரும் வண்டியைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே போக வேண்டும். தெரியவில்லையா, நிற்க வேண்டும். பாதை பிரியும் இடத்தில் பின் வண்டி வந்து சேரும்வரை நகரக் கூடாது. முன்னால் போகிறவரின் சாமர்த்தியம் அதற்குப் பிறகுதான்.

கல்யாணத்துக்குச் சாமான் சீட்டு எழுதுகிற கை நம் கை. இந்தச் சீட்டையும் நாமே எழுதுவோம். எல்லாம் ஏறிவிட்டதா என்று ஒவ்வொன்றாக டிக் அடித்த பிறகே வண்டிச் சாவியை எடுத்துக் கொடுங்கள். அவர்கள் முணுமுணுத்தால் முணுமுணுக்கட்டும்!