கையெழுத்துக்கு முன் நாலு சொல்



நம் பிள்ளைகள் கான்வென்ட்டில் ஆங்கிலம் படிக்கிறார்கள். நல்லது. ஆனால் நம் பிழைப்பைத் தீர்மானிக்கும் ஆங்கிலச் சொற்கள் பாடப்புத்தகத்தில் இல்லை. விண்ணப்பப் பாரத்தில் இருக்கின்றன. யாரோ நிரப்ப, நாம் ரேகை வைக்கிறோம். நாலு சொல்லையாவது நாமே அறிய வேண்டாமா?

முதற்சொல் 'இமிக்ரண்ட்'. அந்நிய நாட்டிலிருந்து வந்து குடியேறியவர் என்று பொருள். சேலத்திலிருந்து மைசூருக்கு வந்தவர் இமிக்ரண்ட் அல்ல. இந்தியாவில் எங்கும் சென்று குடியிருக்க அரசியல் சட்டத்தின் 19-ஆவது பிரிவு குடிமகனுக்கு உரிமை தருகிறது.

அடுத்தது 'இன்டர்-ஸ்டேட் மைக்ரண்ட் ஒர்க்கர்'. மாநிலம் விட்டு மாநிலம் வந்த தொழிலாளி. 1979-ஆம் ஆண்டுச் சட்டம் கான்ட்ராக்டர் அழைத்து வந்தவரை மட்டுமே இப்படிக் கணக்கில் எடுத்தது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத் தொகுப்போ, தானே வந்து வேலை தேடிக்கொண்டவரையும் சேர்க்கிறது. கூலி வரம்பு மாதம் 18,000 ரூபாய். ஊருக்குப் போய்வரப் பயணப்படியும், இங்கேயே ரேஷன் பெறும் வழியும் அதில் சொல்லப்பட்டுள்ளன. இந்தச் சொல் தெரியாதவர் அவற்றை எப்படிக் கேட்பார்?

மூன்றாவது 'ரிபேட்ரியட்', தாயகம் திரும்பியவர். 1964-ஆம் ஆண்டு சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தம் 5,25,000 பேரை இலங்கையிலிருந்து இந்தியா ஏற்க வகை செய்தது. அப்படி வந்தவர்கள்தாம் நம் மாநிலத்தின் சுள்ளியா, புத்தூர் ரப்பர் தோட்டங்களில் பால் வெட்டியவர்கள். அவர்கள் இந்தியக் குடிமக்கள். அவர்களை 'ரெஃப்யூஜி', அதாவது அகதி என்று எழுதினால் குடியுரிமையே கேள்விக்குள்ளாகும்.

நாலாவது 'மதர் டங்'. இங்கே பிறந்த பிள்ளைக்குக் கன்னடம் என்றுதான் எழுத வேண்டும் என்று சிலர் நினைக்கிறார்கள். தவறு! குழந்தைப் பருவத்தில் தாய் பேசிய மொழியையே மக்கள்தொகைக் கணக்கு தாய்மொழி என்கிறது. சிறுபான்மை மொழிப் பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வி தாய்மொழியில் கிடைக்க வசதி செய்யச் சொல்கிறது 350-ஏ பிரிவு. தமிழர் இத்தனை பேர் என்று ஏட்டில் இல்லாவிட்டால் தமிழ் வகுப்பு எந்தக் கணக்கில் கேட்பது?

இது கன்னடத்துக்கு விரோதமல்ல. சோறு போடும் மண்ணின் மொழியைப் பேசவும் எழுதவும் கற்பது நம் கடமை. ஆனால் கலந்து வாழ்வது வேறு, கரைந்து போவது வேறு.

ஆகவே, பாரத்தை வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். படிக்கிற பிள்ளையை உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். புரியாத சொல்லைச் சங்கத்தில் கேளுங்கள். அதன் பிறகு கையெழுத்துப் போடுங்கள்!